கொடுவாத் தூண்டில்

சேசு மரி சூசை துணை

இராயபுரம்
20-1-1968

அன்புள்ள தாமசுக்கு அத்தை சிலுவையம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே நானும் மாமாவும் ஐரீனும் சுகம். உன் சுகத்துக்காகத் தினமும் ஒரு அருள்நிறைந்த மரியே தனியாகச் சொல்லுகிறேன். பம்பாய்த் தண்ணீர் உடம்புக்கு ஒத்துக்கொண்டதா?

போய்ச் சேர்ந்தேன் என்று நாலு வரியில் ஒரு கார்டு போட்டாய். அதற்குப் பிறகு ஒன்றும் காணோம். அதை நான் தப்பாக எடுக்கவில்லை. ஹென்றியின் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாளே நீ டிரங்குப் பெட்டியைத் தூக்கியபோதும் நான் ஏன் என்று கேட்கவில்லை. என் அண்ணன் செத்தபோது உன்னைப் பன்னிரண்டு வயதில் கூட்டிவந்து, என் பிள்ளை ஹென்றியோடு ஒரே தட்டில் சோறு போட்டு வளர்த்தவள் நான். ஒரு பிள்ளையை எண்ணூர்க் கழித் தண்ணீர் கொண்டுபோயிற்று, இன்னொன்றை ரயில் கொண்டுபோயிற்று என்று நினைத்துக்கொள்ளுகிறேன்.

இப்போது ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். ஹென்றியின் தூண்டிலும் அந்தப் பித்தளை ரீலும் வீட்டில் இருக்கின்றன. அன்றைக்கு அவன் கையால் தைத்த அந்த மடல் படகு கவிழ்ந்து கத்திவாக்கம் கரையில் ஒதுங்கியபோது, அவன் எப்போதும் கட்டுவது போலக் கயிற்றால் கட்டி வைத்தபடியே அவை இருந்தன. அவன் மட்டும்தான் இல்லை. போன வாரம் உன் மாமா ஷிப்டு முடிந்து வந்தவர் அதைப் பார்த்துவிட்டுக் கத்தினார். "அத்த கொண்டும்போயி கடல்ல போடு சிலுவ. இன்னொரு தபா என் கண்ணுல பட்டுச்சுன்னா நான் மன்சனா இருக்க மாட்டேன்" என்றார். நான் எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன்.

நேற்று எடுத்துப் பார்த்தேன். ரீலில் பச்சையாகக் களிம்பு ஏறிக் கிடக்கிறது. கைப்பிடி சுற்றவில்லை. முள்ளெல்லாம் துரு. அவன் இருந்தவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை பொழுதுசாயக் குந்தி அதைத் துடைத்துக்கொண்டிருப்பானே, நான் ஒரு நாளாவது கவனித்துப் பார்த்தேனா? "மீனு கால் ரூவா, எண்ண முக்கால் ரூவாடா" என்று கேலிதான் பண்ணினேன்.

எப்படிச் சுத்தம் பண்ணுவது என்று உனக்குத் தெரியும். எழுது.

ஐரீன் பங்குப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போய்வருகிறாள்.

உன் வழி பார்க்கும்,
அத்தை


மசகான், பம்பாய்
6-2-1968

அன்பும் மரியாதையும் உள்ள அத்தைக்குத் தாமஸ் வணக்கம். கடிதம் கிடைத்தது. நான் சுகம். மாமாவுக்கு இருமல் தேவலையா?

கப்பல் பட்டறையில் பிட்டர் வேலை. ரூமில் நாலு பேர். பட்டறை ஜன்னலிலிருந்து கடல் தெரியாது, சுவர்தான் தெரியும். எனக்கு அதுவே போதும்.

ரீலை நல்ல தண்ணீரில் ஊறப் போட்டுவிடாதீர்கள். உப்பு உள்ளே இறங்கிவிடும். ஈரத் துணியால் நாலைந்து முறை துடையுங்கள். பக்கத் தகட்டில் மூன்று திருகாணி இருக்கும். கழற்றி, எந்தத் துளையில் எது இருந்ததோ அந்த வரிசையில் ஒரு தட்டில் வையுங்கள். உள்ளே இருக்கிற பல்சக்கரத்தைக் கிரசின் தொட்ட பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்கவேண்டும். காய்ந்தபிறகு தையல் மிஷின் எண்ணெய், ஒரு சொட்டு. அதிகம் விட்டால் மணல் ஒட்டும். களிம்புக்குப் புளி தேயுங்கள், ஆனால் வெளிப்பக்கம் மட்டும்.

ரீலில் சுற்றியிருக்கிற தங்கூசி நரம்பை முழுக்க உருவி நிழலில் காயவையுங்கள். வெயில் பட்டால் நொறுங்கிவிடும். விரலால் தடவிக்கொண்டே வாருங்கள். எங்கே சொரசொரப்பாக இருக்கிறதோ அங்கே வெட்டிவிட வேண்டும். கொடுவா மீனின் செவுள் பட்ட இடமாக இருக்கும். துருப்பிடித்த முள்ளைத் தூக்கி எறியுங்கள், அது இனி உதவாது.

ஹென்றி இதையெல்லாம் எனக்குச் செய்ய விடமாட்டான். "உன் கை பூட்ஸ் காலு மாதிரிடா" என்பான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான்.

மாமாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
தாமஸ்


சேசு மரி சூசை துணை

இராயபுரம்
3-3-1968

அன்புள்ள தாமசுக்கு அத்தை ஆசீர்வாதம். மூவரும் சுகம். நீ மெலிந்துபோகாமல் வேளைக்குச் சாப்பிடு. தவசு காலம் என்று சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளாதே, வேலை செய்கிறவனுக்கு ஆண்டவர் கணக்குப் பார்க்கமாட்டார்.

நீ எழுதியபடியே செய்தேன். ஐரீன்தான் தையல் மிஷினிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்துக் கொடுத்தாள். உன் கடிதத்தை அவள் படித்துச் சொல்ல, நான் கழற்றினேன். படித்து முடித்தபிறகு காகிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "வேற ஒண்ணும் இல்லம்மா" என்று மடித்துக் கொடுத்துவிட்டாள்.

ரீல் சுற்றுகிறது. சுற்றும்போது கிர்ரென்று ஒரு சத்தம் வருகிறதே, அது எனக்குத் தெரிந்த சத்தம். எதிர்பாராமல் கேட்டதும் கைப்பிடியை விட்டுவிட்டேன். உன் மாமா உள்ளே படுத்திருந்தார். எழுந்து வந்து வாசற்படியில் நின்று பார்த்தார். கத்தவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

போன வியாழக்கிழமை ரயில் ஏறி எண்ணூர் போனேன். மடல், கழியோரம் இறால் பிடிக்கிற மண்ணாங்கட்டியின் குடிசைக்குப் பின்னால் கவிழ்த்துக் கிடக்கிறது. வாழைப்பூ மடலைக் கவிழ்த்த மாதிரிதான். தெருவில் எல்லாரும் சேர்ந்து மடல் என்று சரியாகத்தான் பெயர் வைத்தார்கள். ஹென்றி கப்பல்காரன் ஒருவனின் மடக்குப் படகைப் பார்த்துவிட்டு வந்து, பிரம்பை வளைத்துத் தார்ப்பாயை இழுத்து இழுத்துத் தைத்தானே, அந்தத் தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை. ஒரு ஓரத்தில் மட்டும் எலி கடித்திருக்கிறது. மண்ணாங்கட்டி நல்ல மனுசன். "எவ்ளோ பேரு வெலைக்குக் கேட்டாங்கம்மா, நான் குடுக்கல. பையன் வூட்டுச் சொத்து" என்றான்.

நிமிர்த்திப் பார்த்தேன். உட்காருகிற இடத்தில் தார்ப்பாய் குழிந்திருக்கிறது. அவன் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த குழி. ஒருவரும் பார்க்காதபோது நான் அதில் உட்கார்ந்தேன், மடல் தரையில் கிடக்கும்போதுதான்.

எலி கடித்த இடத்தை எப்படி அடைப்பது? தூண்டிலை எப்படிப் பிடிக்கவேண்டும் என்றும் எழுது.

அத்தை


மசகான், பம்பாய்
11-3-1968

அத்தைக்கு வணக்கம். சுகமே.

ஓட்டைக்கு அதே தார்ப்பாயில் ஒரு துண்டு வெட்டி, உள்ளும் புறமும் வைத்துத் தைத்து, மேலே சூடான தாரும் குங்கிலியமும் கலந்து பூசவேண்டும். ஆனால் நீங்கள் அதைச் செய்யவேண்டாம். மடலை மண்ணாங்கட்டிக்கே கொடுத்துவிடுங்கள்.

தூண்டிலை எப்படிப் பிடிப்பது என்று ஏன் கேட்கிறீர்கள்? அத்தை, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். அந்தக் கழி பார்க்கத்தான் குளம் மாதிரி இருக்கும். வத்தத் தண்ணீர் இறங்கத் தொடங்கினால் முகத்துவாரம் வரைக்கும் ஒரே இழுப்பு. இருபத்துநாலு வயதுக்காரன், நீச்சல் தெரிந்தவன், அவனாலேயே முடியவில்லை. நான் கரையோரமாக மூச்சு முட்ட ஓடினேன். அவன் துடுப்பைப் போட்டுக்கொண்டேதான் இருந்தான். என்னைப் பார்த்து ஏதோ சொன்னான். காற்றில் கேட்கவில்லை.

வேண்டாம் அத்தை. உடனே பதில் போடுங்கள்.

தாமஸ்


சேசு மரி சூசை துணை

இராயபுரம்
28-4-1968

அன்புள்ள தாமசுக்கு அத்தையின் பாஸ்குத் திருநாள் ஆசீர்வாதம். உடனே பதில் கேட்டிருந்தாய். வேண்டுமென்றுதான் போடவில்லை. போட்டிருந்தால் பொய் எழுதியிருக்க வேண்டும்.

நான் தண்ணீரில் இறங்கிவிட்டேன்.

நான் சாகப் போகவில்லை, அந்தப் பயம் உனக்கு வேண்டாம். அவன் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாப்பிடாமல்கூட ரயிலுக்கு ஓடுவானே, அங்கே அவனுக்கு என்னதான் இருந்தது என்று எனக்குத் தெரியவேண்டும். அவனைப் புதைத்த கல்லறையில் முட்டி போட்டால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை தாமசு. அங்கே மண்தான் இருக்கிறது.

மண்ணாங்கட்டி முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. "யம்மா, இது இன்னா வெள்ளாட்டா? வத்தத்துல மாட்டிக்கினா இஸ்த்துக்கினு பூடும். அப்பால அய்யாவுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?" என்றான். நான் விடாமல் மூன்று வாரம் அவன் குடிசை வாசலில் போய் உட்கார்ந்தேன். கடைசியில், "சரி, ஏத்தத் தண்ணில மட்டும். கயிறு என் இடுப்புல கீது. நான் இஸ்த்தா வந்துடணும்" என்றான். மார்பளவு தண்ணீரில் அவன் இறால் தடவிக்கொண்டு நடக்க, மடலில் கயிறு கட்டி மாட்டை ஓட்டுகிற மாதிரி என்னைக் கூட்டிப்போனான். கரையில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

இரண்டு பக்கமும் இலை உள்ள அந்தத் துடுப்பு ஒரு வாரம் என்னைச் சுற்றிச் சுற்றியே விட்டது. இப்போது நேராகப் போகிறேன். ரயில் பாலத்துத் தூண்களில் ஆளிச் சிப்பி ஒட்டியிருக்கிற இடத்தில் உயிர் இறாலை முள்ளில் மாட்டி விடச் சொன்னான். போன வாரம் ஒன்று அடித்தது. தொப்பென்று ஒரு சத்தம், தண்ணீருக்கு வெளியே வெள்ளிப் பாளமாய் எழும்பித் தலையை உதறிற்று. அவ்வளவுதான், நரம்பு அறுந்தது. அறுந்த நரம்பைச் சுற்றி எடுத்து வேறு முள் கட்டினேன். வெகுநேரம் கழித்துத்தான் தெரிந்தது, அத்தனை நேரமும் நான் ஹென்றியை நினைக்கவே இல்லை என்று. அவன் போன பிறகு அப்படி ஒரு பொழுது எனக்கு இருந்ததில்லை. அதற்காகவும் அழுதேன்.

இன்னொன்று. ஐரீனை ஒரு இடத்திலிருந்து கேட்டு வந்திருக்கிறார்கள். பெரம்பூர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் கிளார்க்கு, அருள்பிரகாசம் என்று பெயர். குடி இல்லை. நல்ல குடும்பம் என்று பங்குச் சாமியாரும் சொல்லுகிறார். முறைக்காரன் நீ இருக்கும்போது உனக்கு எழுதாமல் பதில் சொல்லமாட்டேன் என்கிறார் மாமா. எழுதிவிட்டேன்.

அத்தை


மசகான், பம்பாய்
5-7-1968

அத்தைக்கு வணக்கம். இராயப்பர் திருநாள் நன்றாக நடந்திருக்கும். இங்கே மழை பிடித்துக்கொண்டது. பட்டறையில் ஓவர்டைம் அதிகம், அதனால் எழுத முடியவில்லை.

நரம்பு அறுந்தது செவுளால். கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி. முள்ளுக்கு மேலே ஒரு சாண் மெல்லிய கம்பி கட்டுங்கள். மீன் எழும்பும்போது தூண்டில் நுனியைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்த வேண்டும். ரீல் மேல் கட்டை விரலை வைத்து லேசாக அழுத்திக்கொண்டே விடுங்கள். இழுக்காதீர்கள், அதுவாகக் களைக்கும். கிட்டே வந்தபின் கீழுதட்டைக் கட்டைவிரலால் பிடித்துத் தூக்குங்கள். செவுளில் விரல் விடக்கூடாது.

மடலைக் கழுவாமல் கவிழ்க்க வேண்டாம். மழைக்காலத்துக்கு முன் தையலுக்கெல்லாம் ஆளி விதை எண்ணெய் தடவிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீரில் இறங்கவே கூடாது. இதை மட்டும் கேளுங்கள்.

மாமாவுக்கு வணக்கம்.

தாமஸ்


இராயபுரம்
12-7-1968

தாமசுக்கு,

மீனைப் பற்றி நாலு பக்கமும் நிரப்பி எழுதினாய். நன்றி. நான் இரண்டு காரியம் கேட்டிருந்தேன். ஒன்றுக்குத்தான் பதில் வந்திருக்கிறது.

வேண்டாம் என்பதும் ஒரு பதில்தான். அதைக்கூடச் சொல்லாமல் விட்டால் ஒரு பெண்ணை வாசலில் நிற்க வைத்துவிட்டுக் கதவைத் திறந்தும் மூடியும் வைத்தது போல ஆகும்.

அத்தை


இராயபுரம்
4-8-1968

தாமஸ் அத்தானுக்கு,

நீங்கள் சுகமாயிருக்க வேண்டுகிறேன். அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

ரீலைக் கழற்றுகிற கடிதத்தை நான்தான் வாசித்தேன். மடலுக்குத் தார் பூசுகிற கடிதத்தையும், கம்பி கட்டுகிற கடிதத்தையும். அப்பாவுக்கு வணக்கம் இருந்தது. எலிக்கும் துருவுக்கும் இடம் இருந்தது. எனக்கு ஒரு வார்த்தை இல்லை.

அண்ணன் போன துக்கம் உங்களுக்கு மட்டும் வந்ததா அத்தான்? இந்த வீட்டில் இரண்டு பேருக்கு நான்தான் சோறு போட்டு, சாப்பிடுங்கள் என்று சொல்லவேண்டியிருக்கிறது. எனக்குச் சொல்ல ஆளில்லை. ஒரு பக்கம் நீங்கள் இருப்பீர்கள் என்று நினைத்திருந்தேன்.

போன வருஷம் இராயப்பர் திருநாள் சப்பரத்தின்போது கூட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நான் அதை வைத்துக்கொண்டு எதையும் கேட்கவில்லை. அப்பா இந்த மாதக் கடைசிவரை பொறுப்பார். வருவீர்களா, மாட்டீர்களா? ஒரு வரி போதும். ஸ்டாம்பு ஒட்டிய கார்டு உள்ளே வைத்திருக்கிறேன்.

ஐரீன்


மசகான், பம்பாய்
19-10-1968

ஐரீனுக்கு,

நீ ஒரு வரி கேட்டாய். அந்தக் கார்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன், மழையில் நனைந்து எழுத்து எழுத முடியாதபடி ஆகிவிட்டது. மூன்று முறை கடிதம் எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்கு முன் தபாலில் போட்டுவிடுவேன்.

உன் மேல் எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. அது இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. ஆனால் உனக்கும் ஹென்றிக்கும் ஒரே முகம். உனக்குத் தெரியுமா தெரியாது. சிரித்தால் வலது கன்னத்தில் மட்டும் குழி விழும். யாராவது கூப்பிட்டால் முதலில் முகவாயைத் தூக்கிவிட்டுத்தான் திரும்புவீர்கள். முப்பதாம் நாள் பூசையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நீ அப்படித் திரும்பினாய். மடலிலிருந்து அவன் கடைசியாக என்னைப் பார்த்த பார்வை அது. நான் கோயிலுக்கு வெளியே ஓடிவிட்டேன். மறுநாள் ரயில் ஏறினேன்.

உன்னைக் கட்டிக்கொண்டால் தினமும் காலையில் கண் விழித்து அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். இது அவள், அவன் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டும். ஒரு நாள் மறந்து உன்னைப் பயத்தோடு பார்த்துவிட்டால் அதை நீ எப்படித் தாங்குவாய்? நாள் போனால் சரியாகும் என்று காத்திருந்தேன். இந்த மாதம் கொஞ்சம் தேவலை. அவன் கனவில் வருவது குறைந்திருக்கிறது. இன்னும் ஒரு வருஷம் பொறுத்தால் வந்துவிடுவேன் என்று தோன்றுகிறது. பொறு என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

தாமஸ்


சேசு மரி சூசை துணை

இராயபுரம்
5-11-1968

அன்புள்ள தாமசுக்கு அத்தை ஆசீர்வாதம்.

உன் கடிதம் ஐரீன் பேருக்கு வந்தபோது கோயிலில் அவள் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலையும் வாசித்தார்கள். உனக்காக அவள் ஆகஸ்டு முழுக்கப் பொறுத்தாள், செப்டம்பரும் பொறுத்தாள். தினமும் தபால்காரர் தெரு திரும்புகிறவரைக்கும் வாசலில் நிற்பாள். பிறகு ஒரு நாள் நிற்கவில்லை. அன்றைக்குத்தான் அப்பாவிடம் சரி என்று சொன்னாள்.

கடிதத்தைப் படித்துவிட்டு என்னிடமே கொடுத்தாள். "எம்மா, எனக்கு அண்ணன் மூஞ்சியா?" என்று கேட்டாள். "ஆமாண்டி, ரெண்டு பேருக்கும் ஒங்கப்பன் மூஞ்சி" என்றேன். கண்ணாடிக்கு முன்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். "அவரு மேல எனக்குக் கோவம் இல்லன்னு எழுதிடு. சொன்ன வாக்க மாத்த மாட்டேன்னும் எழுதிடு" என்றாள். இரண்டையும் எழுதிவிட்டேன்.

எனக்குக் கோபம் இருந்தது. கடிதத்தைப் படித்தபிறகு போய்விட்டது. நீயும் அந்த மடலிலிருந்து விழுந்தவன்தான். எல்லாரும் செத்தவனைத் தேடினோம், உன்னைத் தேட மறந்தோம்.

கொடுவா ஒன்று பிடித்தேன். மழைக்கு முந்தி, புரட்டாசியில். நீ சொன்னபடி நுனியைத் தாழ்த்தினேன், கட்டைவிரலை வைத்தேன். நாலு முறை எழும்பிற்று. மண்ணாங்கட்டி, "வுடாத யம்மா, வுடாத!" என்று கழியே கேட்கக் கத்தினான். என் கை நீளம் இருந்தது. ரயிலில் கூடைக்கு வெளியே வால் நீட்டிக்கொண்டு வந்தது.

குழம்பு வைத்து உன் மாமாவுக்குப் போட்டேன். எங்கே வாங்கினாய் என்று கேட்டார். சொன்னேன். நான் போய்வருவது அவருக்கு முன்பே தெரியும், தெரியாதது போல இருந்தார். கத்துவார் என்று நினைத்தேன். பிசைந்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டே, "அவன் புடிச்சிகினு வர்றதும் இப்டித்தான் ருசியா இருக்கும் சிலுவ" என்றார். பிள்ளை போன நாளிலிருந்து அவன் பேச்சை அவர் எடுத்தது அன்றைக்குத்தான். பிறகு சாப்பிட முடியவில்லை அவரால். இரண்டு பேரும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதோம்.

ஹென்றியின் வருஷப் பூசை முடிந்து, 25-ம் தேதி திங்கட்கிழமை கல்யாணம். பத்திரிகை தனியாக வரும். வா என்று கூப்பிடவும் மனசு வரவில்லை, கூப்பிடாமல் இருக்கவும் முடியவில்லை.

அத்தை


சேசு மரி சூசை துணை

இராயபுரம்
2-12-1968

அன்புள்ள தாமசுக்கு,

நாங்கள் சுகம். ஐரீன் கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. காலையில் தூறல், தாலி கட்டும் நேரத்துக்கு வெளுத்துவிட்டது. மாப்பிள்ளை அதிகம் பேசமாட்டார். ஆனால் ஐரீன் செருப்பில் சேறு பட்டதைப் பார்த்துக் குனிந்து தன் கைக்குட்டையால் துடைத்தார். அது போதும் எனக்கு.

ஒன்று கேட்கிறேன். பூசை நேரத்தில் நான் திரும்பிப் பார்த்தபோது, கோயில் கடைசியில் ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றான். தலையைக் குனிந்திருந்தான். ஆசீர்வாதம் முடிந்து பார்த்தால் ஆளில்லை. மாமாவிடம் சொன்னேன், "ஒனக்குப் பார்க்கற எடமெல்லாம் புள்ளைங்கதான்" என்றார்.

பந்தியில் என் பக்கத்தில் ஒரு இலை போட்டு வைத்தேன். கடைசிப் பந்தி வரைக்கும் யாரையும் அதில் உட்கார விடவில்லை. சமையல்காரன் பாத்திரம் கழுவ வந்தபிறகுதான் மடித்தேன்.

அது நீதான் என்றால், அத்தனை தூரம் வந்தவன் ஒரு பிடி சாப்பிட்டுப் போயிருக்கலாம். நான் ஒன்றும் கேட்டிருக்க மாட்டேன்.

அத்தை


மசகான், பம்பாய்
14-12-1968

அன்பும் மரியாதையும் உள்ள அத்தைக்குத் தாமஸ் வணக்கம். கிறிஸ்துமஸ் வாழ்த்து எல்லாருக்கும்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். ஐரீனுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் என் வாழ்த்தைச் சொல்லுங்கள். நான் வரவில்லை அத்தை. லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. நீங்கள் பார்த்தது வேறு யாராவதாக இருக்கும். வெள்ளைச் சட்டை போட்டவர்கள் எத்தனையோ பேர்.

இங்கே வேலையில் நிரந்தரம் செய்வார்கள் போலிருக்கிறது. இனிமேல் மாதம் தவறாமல் எழுதுகிறேன். எழுதாமல் விட்டால் திட்டி எழுதுங்கள்.

மாமாவைக் கவனித்துக்கொள்ளுங்கள். அந்தக் கறுப்புக் கோட்டு அவர் தோளில் நிற்காமல் தொங்குகிறது. முன்பு அதில் பித்தான் பூட்ட முடியாதபடி இருப்பார். ஐரீனைக் கூட்டிக்கொண்டு நடந்து வரும்போது பீடத்துப் படியில் கால் தடுமாறிற்று. பக்கத்தில் தாங்கிப் பிடிக்க ஒரு பிள்ளை இல்லாமல் போயிற்று.

இப்படிக்கு,
உங்கள் தாமஸ்